குளிர்ந்த கூரையும் சிறுசேமிப்பும்

உண்டி, உடை, உறையுள் என்னும் மூன்றும் மக்கள் வாழ்க்கைக்கு இன்றியமையாதன. இவற்றுள் உண்டியும் உடையும் சிறிது சிறிதாகத் தேடிக் கொள்ளத்தக்கன. கையிலுள்ள பொருளுக்கேற்ப அளவாக வாங்கலாம். உறையுளோ அத்தகையதன்று. கால்படி அரிசி வாங்கி ஒரு வேளைப் பசியை ஆற்றலாம். கால் வீடு கட்டி அதனுள் குடியிருத்தல் இயலாது. வீடு கட்டுவதற்குப் பெரும்பொருள் ஒருங்கே வேண்டும். நாட்கூலி பெற்று வாழ்வோர்க்கு அத்துணைப் பொருள் ஒருங்கே கிடைப்பதில்லை. ஆதலின் நகரத்து ஏழை மக்களின் வீட்டுக் குறை, கல்லும் மண்ணும் இன்மையால் மட்டும் வந்ததன்று. உற்ற காலத்தில் தக்க வட்டிக்குக் கடன் கிடையாமையாலும் வந்ததாகும்.

வீடு என்பது மழைக்கு ஒதுங்கும் இடம் மட்டுமன்று. வெயிலின் கொடுமையைத் தணிப்பதும் அதன் கடமையே. பண்டையோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். நக்கீரர் இயற்றிய நெடுநல்வாடை, இரு கோல்களை நட்டு அவற்றின் நிழலை நோக்கித் திசை தெரிந்து, நூல் பிடித்து அளந்து, பின்னரே அரண்மனை வகுத்த சிற்ப வல்லாரைக் குறிப்பிடுகின்றது. கதிரவன் செல்லும் நெறியை அறிந்து மனை வகுத்தல் நம்மனோர்க்குப் புதியதன்று. ஆயின் அது மன்னன் கோயில். பொருட்குறை என்பது அங்கு இல்லை. நாள்தோறும் உழைத்து உண்ணும் எளியோனுக்கும் குளிர்ந்த மனை வேண்டும் எனின், அதற்குரிய பொருளைத் திரட்டும் வழி யாது? இவ்வினாவிற்கு விடை தேடிய நகரங்களுள் ஒன்று அகமதாபாத்.

கூர்ச்சர நாட்டில் சபர்மதி ஆற்றங்கரையில் அமைந்தது அகமதாபாத் நகரம். 1861-ஆம் ஆண்டில் அங்கு முதல் நூற்பாலை இயங்கத் தொடங்கியது. பின்னர் ஆலைகள் பலவாகப் பெருகின. அவற்றில் உழைக்க ஊர்ப்புறத்து மக்கள் திரள் திரளாக வந்து குடியேறினர். 1980-ஆம் ஆண்டிற்குப் பின்னர் அவ்வாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. வேலையிழந்த குடும்பங்களைத் தாங்கும் பொறுப்பு வீட்டுப் பெண்டிர் தோள்மேல் வீழ்ந்தது. அவர்கள் பீடி சுற்றினர், ஊதுவத்தி உருட்டினர், துணி தைத்தனர், பட்டம் ஒட்டினர், காய்கறிக் கூடை சுமந்து தெருத்தெருவாக விற்றனர். இவற்றுட் பல வீட்டிலேயே இருந்து செய்யும் தொழில்கள். ஆதலால் அவர்க்கு வீடே உறையுள், வீடே தொழிற்சாலை, வீடே பண்டசாலை.

அவ்வீடுகளுட் பல ஓரறை உடையன. சுவரில் பலகணி இல்லை. இருப்பினும் அடுத்த வீட்டுச் சுவர் அதனை மறைத்துவிடும். கூரையோ தகரத்தாலாயது, அன்றிக் கல்நார்த் தகடு வேய்ந்தது. தகரம் மெல்லியது, வெப்பத்தை விரைந்து கடத்துவது. நண்பகற் கதிரில் அது காய்ந்து, உள்ளே இருப்போர் மேல் அனலைப் பொழியும். மழைக்காலத்தில் ஒழுகலும் கோடையில் காய்தலுமாக, காவலாக அமைய வேண்டிய கூரையே பகையாக மாறிவிடுகின்றது. பிற்பகலில் அறைக்குள் இருக்கலாகாமல் தொழில் நின்றுபோகும். தொழில் நின்றால் அன்றைய கூலியும் நின்றது என்பதே பொருள்.

2010-ஆம் ஆண்டு மே மாதத்தில் அந்நகரைக் கடுவெப்பம் தாக்கியது. அம்மாதம் 21-ஆம் நாள் வெப்பநிலை 46.8 பாகை செல்சியசை எட்டியது. அம்மாதத்தில் நிகழ்ந்த இறப்புகளை வேறு ஆண்டுகளின் மே மாத இறப்புகளோடு ஒப்பிட்டு ஆராய்ந்த அறிஞர், 1,344 பேர் மிகுதியாக இறந்தனர் எனக் கணக்கிட்டனர். வெப்பம் வெள்ளம்போல் ஓசையிட்டு வருவதன்று. இடிபோல் ஒளிவிட்டு வீழ்வதுமன்று. அமைதியாக வந்து, முதியோரையும் குழந்தைகளையும் வெயிலில் உழைப்போரையும் கொண்டுசெல்வது. அத்துயரால் விழிப்புற்ற அந்நகர், 2013-ஆம் ஆண்டில் வெப்பத்தை எதிர்கொள்ளும் செயல்திட்டம் ஒன்றனை வகுத்தது. தெற்காசிய நகரங்களில் இத்தகைய திட்டம் வகுத்தது அதுவே முதன்முறையாகும்.

வீட்டை வெப்பத்தினின்று காக்கும் முறைகள் அரியவை அல்ல. அகமதாபாத்தின் பழைய மதிலகத்து வீடுகளே அவற்றிற்குச் சான்று. ஆங்கு ‘போள்’ எனப்படும் குடியிருப்புகளில் தெருக்கள் குறுகியவை. ஒரு வீட்டின் நிழல் எதிர்வீட்டின்மேல் விழும். ஒவ்வொரு வீட்டின் நடுவிலும் முற்றம் உண்டு. சூடேறிய காற்று அதன் வழியே மேலெழுந்து செல்ல, குளிர்ந்த காற்று உள்ளே புகும். முற்றத்தின் அடியில் மழைநீர்த் தொட்டியும் அமைத்திருந்தனர்.

ஓரறை வீட்டில் முற்றம் அமைத்தல் இயலாது. ஆயினும் இயலக்கூடியன சில உண்டு. அவற்றுள் எளியது கூரைக்கு வெள்ளை பூசுதல். கருநிறம் ஒளியை ஏற்றுச் சூடாகும். வெண்ணிறம் ஒளியைத் திருப்பி அனுப்பும். கதிரொளியைத் திருப்பும் தன்மையுடைய புதிய வெண்பூச்சு, தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கைத் திருப்பிவிட வல்லது. அத்தகைய பூச்சினால் வீட்டினுள் வெப்பம் 2 முதல் 5 பாகை வரை தணியும் என்பர். எதிரெதிர்ச் சுவர்களில் திறப்பு வைத்தால் காற்று ஊடே பாயும். தகரத்தை நீக்கி ஓடோ வெப்பம் தாங்கும் பலகையோ வேய்ந்தால் பகல் முழுதும் பயன் உண்டு. மின்சாரத்தைக் குறைவாக உண்ணும் விளக்கும் விசிறியும் அமைத்தால் செலவு சுருங்கும்.

முறை எளிதாயினும் தடை ஒன்று உளது. நன்மை நாள்தோறும் சிறிது சிறிதாக வரும். செலவோ முதல்நாளிலேயே முழுவதும் வந்து நிற்கும். இதனை ஒரு கணக்கால் விளக்கலாம். பழையவகை மின்விசிறி 75 வாட்டு ஆற்றலைக் கொள்ளும். நாள் ஒன்றுக்கு 12 மணி நேரம் சுழன்றால் 30 நாளில் 27 யூனிட்டு மின்சாரம் செலவாகும். புதுவகை விசிறிகளுள் 30 வாட்டு மட்டுமே கொள்வனவும் உள. அதற்கு அதே காலத்தில் 10.8 யூனிட்டே செலவு. எஞ்சுவது 16.2 யூனிட்டு. யூனிட்டு ஒன்றின் விலை 6 ரூபாய் எனக் கொண்டால் மாதம் ஏறத்தாழ 97 ரூபாய் மிச்சமாகும். புதிய விசிறியின் விலை பழையதனினும் 1,500 ரூபாய் மிகுதி எனினும், பதினாறு மாதங்களில் அத்தொகை முழுவதும் திரும்பிவிடும். பின்னர் வருவதெல்லாம் ஊதியமே. இதனை அறியாதவர் ஏழையர் அல்லர். அறிந்தும், அந்த 1,500 ரூபாய் கையில் இல்லாமையால், ஆண்டுதோறும் மிகுதியாகச் செலுத்திக்கொண்டே இருக்கின்றனர். வறுமை என்பது பொருள் இன்மை மட்டுமன்று. பொருளை மிச்சப்படுத்தும் வாய்ப்பும் இன்மையாகும்.

அப்பொருளைக் கடனாகப் பெறலாகாதோ எனின், வங்கிகள் மூன்று கேட்கும். நிலத்துக்குப் பட்டா உண்டோ? மாதந்தோறும் வரும் சம்பளம் உண்டோ? பொறுப்பேற்பார் உளரோ? குடிசைப் பகுதியில் வாழ்பவளிடம் இம்மூன்றும் இல்லை. ஆகவே அவள் வட்டிக்கடைக்குச் செல்வாள். அங்கே நூறு ரூபாய்க்கு மாதம் ஐந்து ரூபாய் வட்டி எனக் கொண்டால், 10,000 ரூபாய்க்கு ஓராண்டு வட்டி மட்டுமே 6,000 ரூபாய். முதல் அப்படியே நிற்கும். இத்தகைய கடனால் கூரை வேய்வது, ஒரு வெயிலினின்று நீங்கி மற்றொரு வெயிலில் நிற்பதை ஒக்கும்.

இந்நிலையை மாற்ற முனைந்தவர் இலா பட் அம்மையார். 1933-இல் அகமதாபாத்தில் பிறந்த இவர், சட்டம் பயின்று, 1920-இல் காந்தியடிகள் துணையுடன் தோன்றிய நெசவாலைத் தொழிலாளர் சங்கத்தில் மகளிர் பிரிவை நடத்தி வந்தார். தமக்கென முதலாளி எவருமின்றித் தாமே உழைத்து வாழும் மகளிர்க்குச் சங்கம் இல்லாமையைக் கண்டு, 1972-ஆம் ஆண்டில் ‘சேவா’ என்னும் தன்தொழில் மகளிர் சங்கத்தைத் தோற்றுவித்தார். கடனால் நொந்த அம்மகளிர், தமக்கென ஒரு வங்கி இருக்கலாகாதா எனக் கேட்டனர். ஏழையர் வங்கி நடத்துவதா என நகைத்தோர் பலர். ஆயினும் 4,000 மகளிர் ஆளுக்குப் பத்து ரூபாய் பங்குத்தொகை அளிக்க, 1974-ஆம் ஆண்டில் சேவா கூட்டுறவு வங்கி எழுந்தது. ஒருத்தியின் பத்து ரூபாய் ஒருநாட் செலவுக்குள் மறைந்துவிடும். நாலாயிரவர் பத்து ரூபாய் நாற்பதாயிரமாயிற்று.

அவ்வங்கியைப் பதிவு செய்தற்குக் கையொப்பம் வேண்டியிருந்தது. பதிவுக்கு முன்வந்த மகளிரோ எழுத்தறியாதவர். கைநாட்டு வைத்தால் வங்கி நடத்தத் தகுதியில்லை எனத் தள்ளிவிடுவரோ என அஞ்சி, அவர்கள் இரவெல்லாம் கண்விழித்திருந்து தத்தம் பெயரை எழுதிப் பழகினர். கூடை சுமந்தும் வண்டி இழுத்தும் காய்ப்பேறிய விரல்கள் அன்று எழுதுகோல் பிடித்தன. மறுநாள் ஒவ்வொருவரும் தம் பெயரைத் தாமே எழுதினர். எழுத்தறியாத உறுப்பினரை அடையாளம் காண, அவர்தம் நிழற்படத்தைக் கணக்குப் புத்தகத்தில் ஒட்டும் முறையையும் அவ்வங்கி மேற்கொண்டது. வங்கிக்கு வர நேரமில்லாதார் வீடுகளுக்குப் பணியாளரே சென்று சேமிப்பைத் திரட்டினர்.

அவ்வங்கி கடன் கொடுக்கும் முறையில் நுட்பம் ஒன்று உண்டு. பிணையாக அது பெரிதும் நாடியது நிலத்தையன்று, சேமிக்கும் பழக்கத்தை. மாதந்தோறும் சிறு தொகையை வழுவாது செலுத்தி வருபவள், அவ்வாறே கடனையும் செலுத்துவாள் என்பது அதன் கருத்து. அக்கருத்துப் பொய்க்கவில்லை, கடன் பெற்றோருள் மிகப் பெரும்பாலோர் திருப்பிச் செலுத்தினர். அம்மகளிர் பெற்ற கடன்களுள் ஒரு பெரும் பங்கு வீட்டைச் செப்பனிடுவதற்கே சென்றது. கூரை மாற்றுவது வீண்செலவு எனக் கருதும் உலகில், அது தொழிலுக்கு இட்ட முதல் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். ஒழுகாத கூரையின் கீழ் ஊதுவத்தி நனையாது. வெயில் புகாத அறையில் பிற்பகலிலும் தையற்பொறி ஓடும். பெருகிய வருவாயினின்றே கடனின் தவணையைச் செலுத்தலாம். 1994-இல் வீட்டுவசதிக்கெனவே ஓர் அறக்கட்டளையும் சேவா இயக்கத்தினின்று கிளைத்தது. அது கூரைகளுக்கு வெண்பூச்சு இடுதல், மின்சாரச் செலவைக் குறைத்தல் முதலியவற்றை வீடுவீடாகச் சென்று விளக்கும் பணியில் அப்பகுதி மகளிரையே பழக்கியது. 2017-ஆம் ஆண்டில் நகராட்சியும் ஏழையர் வீட்டுக் கூரைகளுக்கு வெண்பூச்சு இடும் முயற்சியைத் தொடங்கியது.

கடன் கிடைப்பினும், நாளை வீடு இடிக்கப்படுமோ என்னும் அச்சம் உள்ளவர் அவ்வீட்டில் பொருளைச் செலவிடார். இதனை உணர்ந்த அகமதாபாத் நகராட்சி, 1990-ஆம் ஆண்டுகளின் இடைப்பகுதியில் ஒரு திட்டம் மேற்கொண்டது. குடிநீர், கழிவுநீர்க் குழாய், பாதை, விளக்கு ஆகியவற்றைக் குடிசைப் பகுதிகளுக்கு அமைத்துத் தருதற்கு, ஒவ்வொரு குடும்பமும் தன் பங்காக 2,000 ரூபாய் செலுத்த வேண்டும். எஞ்சிய செலவைப் பிறர் ஏற்பர். இதற்கு ஈடாக, பத்தாண்டுகளுக்கு அவர்களை அங்கிருந்து வெளியேற்றுவதில்லை என்னும் உறுதியை நகராட்சி அளித்தது. பங்குத்தொகை இல்லாதார்க்குச் சேவா வங்கி கடன் தந்தது. அவ்வுறுதி பட்டாவன்று, ஒரு தாளில் எழுதிய சொல்லே. ஆயினும் அச்சம் நீங்கியதால், மக்கள் தம் சேமிப்பைச் சுவரிலும் கூரையிலும் இடத் துணிந்தனர். நம்பிக்கையும் முதலீடே என்பது இதனால் விளங்கும்.

செலவைத் தவணையாக்கி, மிச்சத்தினின்றே அதனை ஈடுசெய்யும் முறைக்கு நாடளாவிய சான்றும் உண்டு. 2015-ஆம் ஆண்டில் நடுவண் அரசு, மின்சாரத்தைச் சிறிதளவே கொள்ளும் எல்.இ.டி. விளக்குகளைப் பரப்பத் தொடங்கியது. சில மாநிலங்களில் மக்கள் முதலில் பத்து ரூபாய் கொடுத்து விளக்கைப் பெற்று, எஞ்சிய விலையை மின்கட்டணத்தோடு மாதம் பத்துப் பத்து ரூபாயாகச் செலுத்தினர். கட்டணத்தில் குறைந்த தொகை தவணையினும் மிகுதியாதலால், அவர்க்குச் சுமை தோன்றவில்லை. அரசு நிறுவனம் கோடிக்கணக்கில் ஒருங்கே வாங்கியமையால், 2014-இல் 310 ரூபாயாக இருந்த விளக்கின் கொள்விலை 2016-இல் 38 ரூபாயாக வீழ்ந்தது. தனியொருவன் கேட்டால் குறையாத விலை, பலர் திரண்டு கேட்டால் குறையும் என்பது வணிக நெறி. கூரைப்பூச்சு, விசிறி, செங்கல் ஆகியவற்றிற்கும் இந்நெறி பொருந்தும்.

கட்டும் முறையிலேயே சிக்கனம் காண்பதும் பொருள் திரட்டுதலுக்கு நிகரானதே. இங்கிலாந்தில் 1917-இல் பிறந்து, இந்தியாவையே தாயகமாகக் கொண்டு, 2007-இல் திருவனந்தபுரத்தில் மறைந்த இலாரி பேக்கர் என்னும் கட்டடக் கலைஞர் இதனை வாழ்நாட் பணியாகக் கொண்டார். செங்கற்களைப் படுக்கையாக அடுக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுச் சுவர் எழுப்பும் முறையை அவர் பரப்பினார். அதனால் நூற்றுக்கு ஏறத்தாழ 25 செங்கல் மிஞ்சும்; நடுவில் நிற்கும் காற்று வெப்பத்தைத் தடுக்கும். கூரையின் காரையில், சுமை தாங்காத பகுதியில் பழைய ஓடுகளைப் பதித்துச் செலவையும் வெப்பத்தையும் ஒருங்கே குறைத்தார். குளிர்ச்சிக்கு மிகுபொருள் வேண்டும் என்னும் எண்ணம் எப்போதும் உண்மையன்று என்பதை அவர் கட்டிய வீடுகள் மெய்ப்பித்தன.

இத்தகைய முயற்சிகளுக்கு அரசின் துணையும் இன்றியமையாதது. வீட்டுவசதிக்குக் கடன் வழங்க 1970-இல் வீட்டுவசதி நகர்ப்புற வளர்ச்சிக் கழகமும், கடன் நிறுவனங்களுக்கு முதல் உதவ 1988-இல் தேசிய வீட்டுவசதி வங்கியும் நிறுவப்பட்டன. 2015-இல் தொடங்கப் பெற்ற நகர்ப்புற வீட்டுத் திட்டத்தின்கீழ், குறைந்த வருவாயினர் பெற்ற கடனில் 6 இலட்சம் ரூபாய் வரைக்கும் நூற்றுக்கு 6.5 விழுக்காட்டு வட்டியை அரசே ஏற்றது. அவ்வட்டி உதவி 2022 வரை நடைபெற்றது. சுவரும் பலகணியும் கூரையும் வெப்பத்தை எவ்வளவு உட்புக விடலாம் என வரையறுக்கும் விதித்தொகுப்பு ஒன்றும் 2018-இல் வெளியிடப்பட்டது. கட்டும்போதே இவ்விதிகளைக் கருதினால் செலவு சிறிது. கட்டியபின் திருத்தப் புகுந்தால் செலவு பெரிது.

கடன் எல்லார்க்கும் மருந்தாகும் எனக் கருதுதல் தவறு. திருப்பிச் செலுத்த ஆற்றலில்லாதவர்க்குக் கடன், உதவியாக வந்து சுமையாக நிலைக்கும். அவர்க்கு வேண்டுவது மானியமே. வாடகைக்கு இருப்போர் நிலை வேறு. கூரையைச் செப்பனிட வேண்டியவர் வீட்டுக்காரர். வெப்பத்தையும் மின்கட்டணத்தையும் தாங்குபவர் குடியிருப்பவர். செலவு ஒருவர்க்கும் பயன் மற்றொருவர்க்கும் ஆகும் இடத்தில், இருவரையும் இணைக்கும் ஏற்பாடு இல்லையேல் எதுவும் நடவாது. வெண்பூச்சும் புழுதி படிந்தால் திறன் குன்றும். அவ்வப்போது கழுவியும் மீண்டும் பூசியும் காத்தல் வேண்டும். ஆகவே முதற்செலவுக்கு மட்டுமன்றிப் பேணுதற்கும் பொருள் ஒதுக்குதல் அறிவுடைமையாகும்.

இலா பட் அம்மையார் 2022-ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் ஊன்றிய வங்கி நிலைத்து நிற்கின்றது. அகமதாபாத் மகளிர் உலகுக்குக் காட்டிய உண்மை எளியது. ஏழையர் கடன் பெறத் தகுதியற்றவர் அல்லர்; அவர்தம் தகுதியை அளக்கும் கோலே அதுவரை இல்லாதிருந்தது. சேமிப்பு அவர்க்கு நாணயமாயிற்று, கூட்டுறவு வலிமையாயிற்று, நகராட்சியின் உறுதிமொழி நம்பிக்கையாயிற்று, அறிவியல் வழிகாட்டியாயிற்று. இந்நான்கும் கூடிய இடத்தில், காய்ந்த தகரக் கூரை குளிர்ந்த வெண்கூரையாக மாறியது. மாளிகைகள் வானளாவ எழுதலால் மட்டும் ஒரு நகரம் சிறந்ததாகாது. அதன் மிகச் சிறிய வீட்டிலும், கோடை நண்பகலில் ஒரு குழந்தை வருந்தாது உறங்குமாயின், அந்நகரமே சிறந்த நகரமாகும்.